ஜெபப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

அன்புள்ள அக்கா,

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவன் நான். நுண்கடனில் சிக்கித் தவிக்கும் பெண்களுக்காகச் சபை ஏதாவது செய்ய வேண்டும் என்று வாலிபர் கூட்டத்தில் பேசினோம். மூப்பர் ஒருவர், "கோயிலை நிறுவனமாக்காதீர்கள், நமது வேலை ஜெபம்" என்றார். "ஜெபித்தால் கடன் அடையுமா?" என்று நான் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து இரு தரப்பாக நிற்கிறோம். நான் கேட்டது தவறா?

— ஒரு வாசகன்

அன்புத் தம்பி,

கேட்ட விதம் தவறு. கேட்ட விடயம் சரி.

அந்த மூப்பரின் பயத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் எத்தனை தொண்டு நிறுவனப் பெயர்ப்பலகைகள் முளைத்தன என்பதை அவர் கண்ணால் கண்டிருப்பார். படிவம் நிரப்பினார்கள், படம் எடுத்தார்கள், திட்டக்காலம் முடிந்ததும் வாகனங்கள் போய்விட்டன. நிவாரணப் பொதிக்குள் மதப் பிரசுரத்தையும் வைத்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த சைவத் தாய் ஒருத்தி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. 'நிறுவனம்' என்ற சொல்லை நமது ஊரில் ஒரு சலிப்போடு சொல்வது சும்மா அல்ல.

ஆனால் மட்டக்களப்பில் கோயிலின் வேலை கோயில் கதவோடு நின்றதே இல்லை. 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் பிரசங்கத்தோடு பள்ளிக்கூடத்தையும் தொடங்கினார். அடுத்த ஆண்டே இந்த மண்ணில் இறந்துபோனார். அது பழங்கதை என்றால், என் வயதுக்காரர் அறிந்ததைச் சொல்கிறேன். சந்திரா பெர்னாண்டோ அடிகளார் மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்தார். பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைத் தேடியலைந்த தாய்மாருக்குத் தட்டுவதற்கென்று அன்று இருந்த சில கதவுகளில் அவருடையதும் ஒன்று. 1988 ஜூன் 6ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றையொன்று பார்த்து நடுங்கிய அந்த மாதத்தில், ஜேசு சபைக் குருவான ஹேபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் சாரதியோடு காணாமற்போனார். இவர்களை யாரும் சமூக சேவகர் என்று அழைக்கவில்லை. சுவாமி என்றுதான் அழைத்தோம். பூசை வேறு, அந்தத் தாய்மாரின் கண்ணீர் வேறு என்று அவர்கள் பிரித்திருந்தால் இருவரும் கிழவர்களாகிக் கட்டிலில் இறந்திருக்கக்கூடும்.

இனி உங்கள் பக்கம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகளை அன்று இழந்தோம். முதல் வாரம் வைத்தியசாலையில் ஊரே நின்றது. மாதங்கள் போனபின்னும் தீக்காயத்துக்கு மருந்து கட்டப் போகும் பிள்ளைகளோடு கூடப் போனவர்கள் சிலரே. நான் அறிந்த அந்தச் சிலரும் விடிய எழும்பி முழங்காலில் நிற்கிறவர்கள். ஜெபத்தால் என்ன ஆகும் என்று கேட்பதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள், தம்பி.

என்னுடைய குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்புகளை வாசிப்பது என் பொறுப்பு. "செவ்வாய்க்கிழமைக்காக ஜெபியுங்கள்" என்று ஒரு துண்டு தொடர்ந்து ஆறு கிழமை வந்தது. நான் குரல் நடுங்க வாசித்தேன், எல்லோரும் ஆமென் சொன்னோம். செவ்வாயில் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழாம் கிழமை அந்தப் பெண் வரவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு எங்கோ போய்விட்டாள். செவ்வாய் தவணை நாள். குழுக் கடனில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவளுடைய பங்கையும் கட்ட வேண்டும். கடன் கொடுத்தவனுக்கு முன்பே அயலவள்தான் வாசலில் வந்து நிற்பாள். அவளுடைய குழுவில் இருந்த மூவர் எங்கள் ஐக்கியத்திலேயே இருந்தார்கள். ஒரே திருவிருந்தில் அப்பம் எடுத்தவர்கள்.

ஆகவே மூப்பரிடம் திட்ட அறிக்கையோடு போகாதீர்கள். மன்னிப்புக் கேளுங்கள், பிறகு சபையின் ஜெபப் பெட்டியை அவரோடு சேர்ந்து திறந்து பாருங்கள். கடன் பற்றிய துண்டுகளைத் தனியே எடுங்கள். எழுதியவர் சம்மதித்தால் மட்டும், வீட்டுக்கு இருவராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கடன் பத்திரத்தை வாங்கி எழுத்துக்கு எழுத்து வாசித்துக் காட்டுங்கள். என்ன மொழியில் கையெழுத்து வைத்தோம் என்றே பலருக்குத் தெரியாது. எடுத்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, இன்னும் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கொப்பி அவளுடையது. பிரசங்க மேடைக்கு வரக்கூடாது, முகநூலுக்கும் வரக்கூடாது. சபைக்கு வராத அயலவளின் கணக்கையும் அப்படியே பாருங்கள், பதிலுக்கு ஆராதனைக்கு அழைக்காதீர்கள்.

பணத்துக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டாம். என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார். மாத முடிவில் அது கோயிலுக்குப் போகும். அதை உங்கள் மூப்பரும் அறிந்திருப்பார். அவரிடமே கேளுங்கள், அவர் வீட்டில் அந்தப் பானை எங்கே இருந்தது என்று.

அன்புடன்,
அக்கா