99 பாட்டும் ஒரு கழுத்து ரஜ்ஜுவும்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 27 வயது. ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். உடன் வேலை பார்ப்பவரை நான்கு வருடமாகக் காதலிக்கிறேன். இரண்டு வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதித்தார்கள். அப்புறம்தான் அவர் அம்மா ஜாதகத்தை எடுத்தார். நான் அஸ்தம் நட்சத்திரம், அவர் சுவாதி. பொருத்தத்தில் கழுத்து ரஜ்ஜு, கட்டினால் பெண் உயிருக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். இப்போது என் அம்மாவும் பயந்துபோய் அழுகிறார். நான் காதலிப்பவரோ, "நம்ம தலையெழுத்து இவ்வளவுதான். அம்பிகாபதி அமராவதியே சேரலையே, விதியை யார் மாத்த முடியும்?" என்கிறார். ஆவணியில் அவருக்கு வேறு பெண் பார்க்கப் போகிறார்களாம். பரிகாரம் செய்தால் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். விதி என்று ஒன்று உண்டா அக்கா? உண்டென்றால் நான் என்ன செய்ய?
— பெயர் வேண்டாம், கரூர்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் ஆள் அம்பிகாபதியை இழுத்துவிட்டார். அதனால் அங்கேயே ஆரம்பிக்கிறேன்.

கம்பர் மகன் கதையாக நம் ஊரில் வழிவழியாகச் சொல்லிவருவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். சிற்றின்பம் கலக்காமல் 100 பாட்டுப் பாடினால் என் மகள் அமராவதி உனக்கு, தவறினால் தலை போகும் என்று சோழ ராஜா நிபந்தனை போடுகிறார். அவன் பாடுகிறான். மறைவில் இருந்து எண்ணிக்கொண்டிருந்த அமராவதி, தொடக்கத்தில் கடவுளை வேண்டிப் பாடிய காப்புச் செய்யுளையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணிவிடுகிறாள். 100 ஆகிவிட்டது என்று ஆசையாக வெளியே வருகிறாள். ஆனால் கணக்கில் 99தான். அவளைப் பார்த்ததும் அவன் வாயில் காதல் பாட்டு வந்துவிடுகிறது. தலை போய்விடுகிறது.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டு, ஒரு பாட்டில் போச்சே, விதி விளையாடிவிட்டதே என்று நானும் உச்சுக் கொட்டியிருக்கிறேன். கொஞ்சம் வயதான பிறகுதான் உறைத்தது. எண்ணிக்கை தவறியது தற்செயல், சரி. ஒரு பாட்டுக் குறைந்தால் ஓர் உயிரை எடுப்பேன் என்றது எந்தக் கிரகம்? அது ஒரு மனிதர் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, தெளிவான புத்தியோடு எடுத்த முடிவு. நாம் பாவம் அந்தப் பெண்ணின் கணக்குப் பிழையைப் பேசிப் பேசி, நிபந்தனை போட்டவரை விட்டுவிட்டோம். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது புரியும். எந்தப் பிழைக்கு எவ்வளவு அபராதம் என்பதை விதி எழுதுவதில்லை, மேலே இருக்கிறவர்தான் எழுதுகிறார்.

விதி உண்டா என்று கேட்டீர்கள். இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். யாருக்குப் பிறக்கிறோம், எந்த ஊர், எந்த உடம்பு என்பதெல்லாம் நம்மைக் கேட்டு நடப்பதில்லையே. உங்கள் வீட்டில் யாராவது ஒரு மாமா "ஊழிற் பெருவலி யாவுள" என்று குறள் சொல்லக்கூடும். ஊழை, அதாவது விதியை விட வலியது எது என்று பொருள். அது 380-வது குறள். சரியாக 240 குறள் தள்ளி, 620-ல் அதே வள்ளுவர், தளராமல் முயல்பவர்கள் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்கிறார். மாமாக்கள் அந்தப் பக்கம் வருவதில்லை.

ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் துணை சிலப்பதிகாரம்தான். "ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்" என்று பதிகத்திலேயே அறிவித்துவிட்டுத் தொடங்குகிற காப்பியம் அது. விதிக் கதை என்றால் அதுவே பெரிய விதிக் கதை. அதில் ஒரு கடிதம் வருகிறது. கோவலன் கோபித்துக்கொண்டு போனதும் மாதவி தாழை மடலில் செம்பஞ்சுக் குழம்பு தொட்டு எழுதி, தோழி வசந்தமாலையிடம் கொடுத்து அனுப்புகிறாள். அவன் வாங்க மறுக்கிறான். ரோமியோ ஜூலியட் கதையிலும் ஒரு கடிதம் போய்ச் சேருவதில்லை. ஆனால் அங்கே கொள்ளைநோய் பயத்தில், கொண்டுபோனவரையே ஒரு வீட்டுக்குள் வைத்துக் கதவடைத்துவிட்டார்கள். அதை விதி என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். கோவலனுக்குக் கடிதம் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. அவன்தான் கை நீட்டவில்லை.

பிறகு மதுரைக்குப் போகும் வழியில் மாதவியின் இரண்டாவது கடிதத்தைக் கௌசிகன் கொண்டுவருகிறான். அதைப் படித்ததும் கோவலன் என்ன நினைக்கிறான் தெரியுமா? தவறு அவளுடையது இல்லை, "என் தீது" என்று உணர்கிறான். சொத்தெல்லாம் போய், கட்டிய மனைவியைக் காட்டு வழியில் நடக்க வைத்துக்கொண்டு போகிறவன், விதி மேல் பழிபோட அத்தனை காரணமும் உள்ளவன், அதைச் செய்யவில்லை. பாண்டியனும் அப்படித்தான். ராணியின் ஊடலைத் தணிக்கப் போகிற அவசரத்தில், விசாரிக்காமல் உத்தரவு போட்டவன். உண்மை தெரிந்ததும் "யானோ அரசன் யானே கள்வன்" என்றான். அது வினை விளையும் காலம் என்று கவிதான் சொல்கிறார், அவன் வாயில் அந்தச் சாக்கு வரவில்லை. ஊழ் என்று சொல்கிற வேலை கதை சொல்கிறவருக்கு. செய்தவர்கள் "நான் செய்தேன்" என்றுதான் சொல்கிறார்கள்.

இன்னொன்று. மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகியிடம் அந்த ஊழ் எது என்று விளக்குகிறதே, அதையும் கவனியுங்கள். போன பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் இருந்தான். கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்த சங்கமன் என்பவனை ஒற்றன் என்று ராஜாவிடம் காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அழுது அலைந்து, மலையிலிருந்து விழுந்து செத்தாள், சாபம் கொடுத்துவிட்டு. அந்தச் சாபம்தான் இது. ஊழைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் நட்சத்திரம் இல்லை. ஒருவன் சொன்ன பொய்தான் இருக்கிறது!

சரி, உங்கள் கழுத்து ரஜ்ஜுவுக்கு வருகிறேன். ரஜ்ஜு என்பது கல்யாணப் பொருத்தத்தில் ஒன்று. நட்சத்திரங்களை உடம்பின் ஐந்து இடங்களுக்குப் பிரித்து, இருவர் நட்சத்திரமும் ஒரே இடத்தில் விழுந்தால் தோஷம் என்பார்கள். பாதம், தொடை, வயிறு, கழுத்து, தலை என்று அசுவினியிலிருந்து மிருகசீரிடம் வரை ஏறிப்போய், மறுபடி கழுத்து, வயிறு, தொடை, பாதம் என்று ஆயில்யம் வரை இறங்குவார்கள். இது ஒன்பது நட்சத்திரம். இப்படி மூன்று சுற்றில் 27-ம் முடிந்துவிடும். கழுத்துக்கு ஆறு நட்சத்திரம் விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 27-க்கு 27 என்று 729 ஜோடி வரும். அதில் இருவருமே கழுத்தாக அமைவது 36. ஏறக்குறைய 20 ஜோடிக்கு ஒரு ஜோடி. ஜாதகமே பார்க்காமல் கட்டிக்கொள்கிற உலகம் எவ்வளவு பெரிசு! அங்கெல்லாம் 20 வீட்டுக்கு ஒரு வீட்டில் மனைவி செத்துக்கொண்டா இருக்கிறாள்?

இன்னும் வேடிக்கை, அஸ்தம் ஏறு வரிசையில் வருகிறது, சுவாதி இறங்கு வரிசையில். ஆரோகணமும் அவரோகணமுமாக இருந்தால் தோஷமில்லை என்று சொல்கிற ஜோசியர்களும் உண்டு. வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும் என்பதால், ஒரு நட்சத்திரம் முடிகிற நேரத்தில் பிறந்தவருக்கு இதில் ஒன்று, அதில் ஒன்று என்று வரலாம். இதையெல்லாம் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் பயம் நிஜமான பயம், அதைக் கேலி செய்யாதீர்கள். வேண்டுமானால் இன்னொரு ஜோசியரிடம் அழைத்துப் போங்கள். எனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், பெற்றவள் ராத்திரி தூங்க வேண்டும் இல்லையா? என் ஜாதகமே, பால்காரர் மணியடித்த நேரத்தில் பிறந்தேன் என்று பாட்டி சொன்னதை வைத்துக் கணித்தது. பால்காரர் அன்று தாமதமாக வந்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

பையன் வீட்டு விஷயத்தில் ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். நம் ஊரில் "ஜாதகம் பொருந்தலைங்க" என்பது ரொம்ப நாகரிகமான மறுப்பு. நகை, சாதி, நிறம், வேறு இடத்திலிருந்து வந்த நல்ல வரன், எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் தட்டிக்கழிக்க அதுபோல வசதி வேறில்லை. சம்மதித்த பிறகு ஜாதகத்தை எடுத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. வழக்கமாக அது முதலில் அல்லவா வரும்?

பரிகாரம் கேட்டீர்கள். கோயிலுக்குப் போக ஆசை இருந்தால் போங்கள். ஆனால் கண்ணகிக்கும் அவள் தோழி தேவந்தி ஒரு பரிகாரம் சொன்னாள். சோமகுண்டம், சூரியகுண்டத்தில் முழுகிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்றாள். கண்ணகி சொன்னது இரண்டே சொல், "பீடு அன்று". அது எனக்குப் பெருமை ஆகாது என்று. அவள் அதிகம் பேசாத பெண் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி உங்கள் ஆள். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத பிள்ளையாக இருக்கலாம். "எனக்கு தைரியம் இல்லை" என்று சொல்லியிருந்தால்கூட அதில் ஒரு நேர்மை இருந்திருக்கும். நீங்களும் இரண்டு வாரம் அழுதுவிட்டு உங்கள் வழியைப் பார்த்திருப்பீர்கள். தலையெழுத்து என்று சொன்னதால்தான் நீங்கள் இன்னும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு, பரிகாரம் தேடிக்கொண்டு இருக்கிறீர்கள். அவர் எடுத்த முடிவுக்கு நீங்கள் விரதம் இருக்க வேண்டுமா?

இருவரும் வயது வந்தவர்கள். 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருந்து பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. அதற்கு யார் ஜாதகமும் தேவையில்லை. அவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் பேசாமல் இருக்கிறாரா என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆவணிக்கு முன்னால் ஒரு நாள் நேரில் பாருங்கள். போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். ஆபீஸ் கேன்டீனும் வேண்டாம், நாலு பேர் பார்ப்பார்கள். "அம்மா சொல்றாங்க" என்று ஆரம்பிப்பார். முடிக்கட்டும். "ஜோசியர் சொல்றார்" என்பார். அதையும் முடிக்கட்டும். பிறகு "நீங்க என்ன சொல்றீங்க?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை நீங்கள் பேசாதீர்கள். பாவமாக இருக்கும், நீங்களே ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்றத் தோன்றும். காப்பி ஆறிப்போனாலும் பரவாயில்லை, உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
அக்கா