முஸ்லிம் கதாபாத்திரங்கள் வரும் ஃபேண்டஸி நாவல்கள், சூப்பர் ஹீரோ காமிக்ஸ்: எதில் தொடங்கலாம்?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெலின் கமலா கானில் தொடங்குங்கள். 2014 பிப்ரவரியில் வர ஆரம்பித்த ‘மிஸ் மார்வெல்’ தொடர், அதன் முதல் தொகுதி. பதிமூன்று வயது மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள், பெயருக்கு ஒரு முஸ்லிம் வந்து போனால் போதாது, நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் படித்ததில்லை. என் லாத்தா (அக்கா) மகளுக்காக இதே தேடலில் நாலு வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்த காமிக்ஸ்களில் எங்கள் பெயர் உள்ளவர்கள் வராமல் இல்லை. இடுப்பில் குறுவாள் செருகிய கொள்ளைக்காரன், எண்ணெய்க் கிணறு வைத்திருக்கும் ஷேக், நாயகனுக்கு ஒட்டகம் பிடித்துக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டத்தில் காணாமல் போகிறவன், இப்படித்தான் வருவார்கள். ஒருவராவது நோன்பு திறந்து பார்த்ததில்லை, ஒருவராவது பரீட்சைக்குப் பயந்து பார்த்ததில்லை. அந்த வயதில் இது ஒரு குறையாகக்கூடத் தோன்றவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, கமலாவுக்கு வருகிறேன். பெயரைப் பார்த்ததும் நமக்குத் தாமரை ஞாபகம் வரும். இது அரபியின் ‘கமால்’, முழுமை என்று பொருள், நம் ஊர் கமாலுத்தீனில் இருக்கிற அதே கமால். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பெண். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், இஸ்லாத்தைத் தழுவியவர், கெய்ரோவில் வாழ்ந்தவர். ஓவியம் ஏட்ரியன் அல்ஃபோனா. பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த மார்வெல் ஆசிரியர் சனா அமானத், நியூ ஜெர்சியில் தான் வளர்ந்த கதைகளைச் சக ஆசிரியர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததிலிருந்துதான் இந்தப் பாத்திரம் பிறந்தது. அந்த வீட்டின் வாசனை கதை முழுக்க இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தொடக்கத்திலேயே கமலா ஒரு கடையில் பன்றியிறைச்சி சாண்ட்விச்சை மோந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள், சாப்பிடப் போவதில்லை, வாசனை மட்டும். அப்புறம் அவளுடைய தோழி நக்கியாவிடம் பள்ளித்தோழி ஒருத்தி, தலையில் முக்காடு போடச் சொல்லி அப்பா கட்டாயப்படுத்துகிறாரா என்று பரிவோடு விசாரிக்கிறாள். அப்பாவோ இதைக் கழற்றச் சொல்கிறார், ஏதோ வயசுக் கோளாறு என்று நினைக்கிறார் என்று நக்கியா பதில் சொல்கிறாள். இரண்டே வரி. பக்கம் பக்கமாக விளக்கம் எழுதினாலும் வராத ஒன்றை அந்த இரண்டு வரி செய்துவிடுகிறது.

சக்தி கிடைக்கும் காட்சியும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊரை ஒரு விசித்திரமான மூடுபனி சூழ்ந்த இரவில் கமலா மயங்கி விழ, அவள் கும்பிடாத குறையாக ரசிக்கும் கேப்டன் மார்வெல் வானத்தில் தோன்றுகிறாள், கூடவே அயர்ன் மேனும் கேப்டன் அமெரிக்காவும். கேப்டன் மார்வெல் வாயிலிருந்து வருவது அமீர் குஸ்ரோவின் ‘சகல் பன் ஃபூல் ரஹீ சர்ஸோன்’, எங்கும் கடுகு பூத்திருக்கிறது என்கிற அந்த வரி. எழுநூறு வருடத்துக்கு முந்தைய டெல்லிக் கவிஞரின் வரியை அமெரிக்க சூப்பர் ஹீரோவின் வாயில் பார்த்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கமலா அவளிடம் கேட்பது உன்னைப் போலவே ஆக வேண்டும் என்பதைத்தான், அப்படியே பொன்னிற முடி, வெள்ளைத் தோல், இறுக்கமான உடையோடு ஆகியும் விடுகிறாள், ஆனால் முடி வாயில் விழுகிறது, உடை படுத்துகிறது, இன்னொருத்தியாக இருப்பது எவ்வளவு களைப்பான காரியம் என்று அடுத்த இதழிலேயே உணர்கிறாள். அப்போது ஒரு பெண் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறாள். கமலாவுக்கு நினைவு வருவது செய்தியில் தீ, வெள்ளம், குண்டுவெடிப்பு எதைப் பார்த்தாலும் அப்பா சொல்லும் குர்ஆன் வசனம்: ஓர் உயிரைக் காப்பாற்றியவர் மனித குலம் முழுவதையும் காப்பாற்றியவர் போலாவார். என் வாப்பாவும் செய்தி பார்க்கும்போது இதைத்தான் சொல்வார், அதே சோர்வோடு.

இந்தத் தொடர் ஏன் இவ்வளவு நன்றாக வந்தது என்று யோசித்தால் எனக்கு ஒரு காரணம் பெரிதாகத் தெரிகிறது. கமலா அந்தக் கதையில் ஒரே முஸ்லிம் கிடையாது. அண்ணன் ஆமிர் எந்நேரமும் தொழுகையும் துஆவுமாக இருப்பவன், அப்பாவுக்கு அவன் ஒரு வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்ற கவலை. அம்மாவின் பயம் வேறு மாதிரி. நக்கியாவின் பிடிவாதம் வேறு மாதிரி. பள்ளிவாசலில் பெண்கள் தடுப்புக்குப் பின்னால் உட்கார வேண்டியிருக்கிறது, உங்களைப் பார்க்கவே முடியவில்லையே என்று கமலா அங்கே மார்க்கம் சொல்லித்தரும் ஷேக் அப்துல்லாவிடம் வாதாடுகிறாள். அந்த ஷேக்தான் பிறகு, இரவில் வெளியே சுற்றுகிறாள் என்று பெற்றோர் அவளை அனுப்பிவைக்கும்போது, கண்டித்து அடக்குவார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் தைரியத்தோடும் நேர்மையோடும் இரக்கத்தோடும் சுயமரியாதையோடும் செய், ஒரு நல்ல ஆசிரியரைத் தேடிக்கொள் என்கிறார். இத்தனை பேர் இருப்பதால் யாரும் மொத்தச் சமுதாயத்தையும் தோளில் சுமக்க வேண்டியதில்லை. கமலா தப்பு செய்தால் அது கமலாவின் தப்பு, அவ்வளவுதான்.

2015இல் இதன் முதல் தொகுதி, அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்கும் தரும் ஹ்யூகோ விருது வாங்கியது. அதே வருடம் சான் பிரான்சிஸ்கோவில் பேருந்துகளில் வந்த முஸ்லிம் வெறுப்பு விளம்பரங்களின் மேல் யாரோ கமலாவின் படத்தை ஒட்டி மறைத்தார்கள். 2022இல் இமான் வெல்லானி நடித்த தொலைக்காட்சித் தொடரும் வந்தது. அதில் கமலாவின் உருவம் மாறும் சக்தியை வேறாக்கிவிட்டார்கள், 1947 பிரிவினையைக் குடும்பக் கதையாகக் கொண்டுவந்த பகுதி நன்றாக இருக்கும், ஆனாலும் காமிக்ஸை முதலில் படித்துவிடச் சொல்லுங்கள்.

ஒரே ஆளாக நிற்கும் முஸ்லிம் பாத்திரத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் மார்வெலின் போட்டி நிறுவனமான டிசியின் சைமன் பாஸ், 2012இல் வந்த கிரீன் லான்டர்ன், அதாவது மந்திர மோதிரத்தால் சக்தி பெறும் நாயகர்களில் ஒருவன். மிச்சிகனில் அரபு அமெரிக்கர்கள் நிறைய வாழும் டியர்பார்ன் ஊர்க்காரன், லெபனான் வம்சம். அவன் கதை தொடங்குவதே சிறுவனாக 9/11ஐத் தொலைக்காட்சியில் பார்ப்பதில். பிறகு அவன் திருடிய வண்டியில் வெடிகுண்டு, பயங்கரவாதி என்று கைது, விசாரணையில் சித்திரவதை தொடங்கும் நேரத்தில் மோதிரம் தேடி வருகிறது. அநியாயத்தைக் காட்ட வேண்டும் என்ற நல்லெண்ணம் இதில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதனைப் பற்றி நமக்கு முதலில் தெரிவதே அவன் பயங்கரவாதி இல்லை என்பதாக இருந்தால், அவனுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பான் என்பதற்கெல்லாம் இடம் எங்கே இருக்கும்? மார்வெலின் எக்ஸ்-மென் தொடரில் 2002இல் வந்த டஸ்ட், மணலாக மாறும் ஆப்கன் பெண், அவளுக்கு நடந்தது இன்னும் மோசம். முதல் தோற்றத்தில் அவள் சொல்வது ‘துராப்’ (மண், தூசி) என்ற ஒரே சொல், அதுவும் அரபிச் சொல், ஆப்கானிஸ்தானில் பேசுவதோ பஷ்தோவும் தாரியும். உடம்பை மறைக்கத்தான் அபாயா என்ற நீள அங்கி போடுகிறாள், ஓவியர்களோ பல இதழ்களில் அதை உடம்போடு ஒட்டி வரைந்தார்கள். இதைப் பிள்ளைக்கு வாங்க வேண்டாம்.

கிடைத்தால் வாங்க வேண்டியவள் ஃபைஸா ஹுசைன். 2008இல் ‘கேப்டன் பிரிட்டன் அண்ட் எம்ஐ13’ தொடரில் வருகிறாள், பிரிட்டிஷ் பாகிஸ்தானி டாக்டர், முக்காடு போட்டவள். ஆர்தர் மன்னரின் எக்ஸ்காலிபர் வாளைக் கல்லிலிருந்து உருவுகிறவள் அவள்தான். இங்கிலாந்தின் பழங்கதைக்கே இவளும் வாரிசு என்று அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. பாரிஸ் புறநகர் க்லிஷி-சூ-புவாவில் வளர்ந்த அல்ஜீரிய வம்சத்துப் பிலால், பேட்மேனின் கூட்டாளி நைட்ரன்னராக 2010இன் கடைசியில் வந்தான், அவனும் பரவாயில்லை.

குவைத்திலிருந்து 2006இல் வந்த ‘தி 99’ பற்றியும் சொல்ல வேண்டும். உளவியலாளர் நாயிஃப் அல்-முதவா உருவாக்கியது. 1258இல் மங்கோலியர் பாக்தாதை அழித்தபோது நூலகத்தின் ஞானம் மட்டும் 99 கற்களில் காப்பாற்றப்பட்டது, அந்தக் கற்களைக் கண்டெடுக்கும் இளைஞர்கள் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ்வின் 99 திருப்பெயர்களில் ஒன்றோடு தொடர்புள்ள ஆற்றல் கிடைக்கிறது என்பது கதை. கருவைக் கேட்டாலே சிலிர்க்கும். 2010இல் சூப்பர்மேன், பேட்மேனோடு சேர்ந்தும் ஒரு தொடர் வந்தது. அமெரிக்காவில் சிலர் இது மதப் பிரச்சாரம் என்றார்கள், 2014இல் சவூதியில் இதற்கு எதிராக ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வந்தது, பாவம் அந்த மனிதர் இரண்டு பக்கமும் அடி வாங்கினார். என் மனக்குறை வேறு. ஆளுக்கு ஒரு குணம் என்று பிரித்துக் கொடுத்ததால் யாருமே முழு மனிதராக மனதில் நிற்கவில்லை. கரு பெரியது, ஆட்கள் சின்னவர்கள்.

நாவல்களில் நிலைமை இன்னும் நன்றாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே உலகமே முஸ்லிம் உலகமாக இருக்க முடியும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஃபேண்டஸி என்றாலே மார்க்கத்துக்கு வெளியே உள்ள சமாச்சாரம் என்று எங்கள் வீடுகளில் ஒரு தயக்கம் உண்டு, ஆனால் ஜின் குர்ஆனிலேயே இருக்கிறது, 72ஆவது அத்தியாயத்தின் பெயரே ஜின், ஓதுவதைக் கேட்டு கண்ணுக்குத் தெரியாத படைப்பான ஜின்கள் ஈமான் (நம்பிக்கை) கொண்டதை அது சொல்கிறது. எஸ். ஏ. சக்ரவர்த்தியின் ‘தி சிட்டி ஆஃப் பிராஸ்’ (2017) இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. அதில் அலி என்ற ஜின் இளவரசன் ரொம்பப் பக்திமான், அரண்மனைச் சொகுசைப் பார்த்து மனம் நொந்து, ஒடுக்கப்பட்டவர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து, அந்தப் பணம் வேறு வழியில் போக, மாட்டிக்கொள்கிறான். அவன் பக்தியை ஆசிரியர் கேலி செய்யவும் இல்லை, அவன் செய்வதெல்லாம் சரி என்று விட்டுவிடவும் இல்லை. மூன்று பாகங்கள், அரசியலும் ரத்தமும் உண்டு, பதினாறுக்கு மேல் சரியாக இருக்கும்.

சலாதின் அஹ்மதின் ‘த்ரோன் ஆஃப் தி கிரசென்ட் மூன்’ (2012) பெரியவர்களுக்கு. ஏலக்காய் டீயும் ஓய்வும் போதும் என்று ஏங்குகிற அறுபதைத் தாண்டிய பேய் வேட்டைக்காரர் அதூல்லாவும், அவருடைய ஒவ்வொரு சொல்லிலும் மார்க்கக் குற்றம் கண்டு முகம் சுளிக்கும் இளம் தர்வேஷ் (துறவி) ரஷீதும் ஒரே அணியில். அது கற்பனை உலகம், மதத்துக்கு அங்கே இஸ்லாம் என்று பெயர் கிடையாது, ஆனால் அந்த இரண்டு பேரையும் நான் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பி. ஜெலி கிளார்க்கின் ‘எ மாஸ்டர் ஆஃப் ஜின்’ (2021) 1912ஆம் வருடக் கெய்ரோவில் ஜின்களும் மனிதர்களும் சேர்ந்து வாழும் துப்பறியும் கதை, ஹ்யூகோ போலவே பெரிய நெபுலா விருது வாங்கியது, விறுவிறுவென்று போகும். எகிப்தியர் தீனா முகமதின் ‘ஷுபைக் லுபைக்’ கிராஃபிக் நாவலில் வரங்கள் பாட்டிலில் அடைத்துக் கடையில் விற்பனைக்கு வருகின்றன. விற்கிற ஷுக்ரிக்கே அதைப் பயன்படுத்துவது ஹராம் என்ற எண்ணம். இதை நான் யாருக்கும் வாங்கித் தருவேன்.

கடைசியாக என் மனதுக்கு மிக நெருக்கமான ஒன்று, அதே சக்ரவர்த்தியின் ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் அமீனா அல்-ஸிராஃபி’ (2023). 12ஆம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடல். ஓய்வு பெற்ற கடற்கொள்ளைக்காரி, நாற்பதைத் தாண்டிய தாய், கப்பலின் நகுதா, அதாவது தலைவி. இந்தச் சொல்லை எங்கள் கடற்கரை ஊர்களில் விளக்க வேண்டியதே இல்லை. அமீனா மதுவும் குடித்திருக்கிறாள், பல கணவர்களையும் பார்த்திருக்கிறாள், தொழுகையை விட்டதற்கு உள்ளுக்குள் வருந்துகிறாள், திருந்திவிட வேண்டும் என்று நினைக்கிறாள், மறுபடி கடல் கூப்பிடுகிறது. நல்ல முஸ்லிம், கெட்ட முஸ்லிம் என்ற இரண்டே பெட்டிகள் இருந்த இடத்தில் இப்படி ஒருத்தியை, அதுவும் ஒரு தாயை, நாயகியாகப் படித்தது எனக்குப் பெரிய ஆறுதல். அவள் கப்பலில் தின்பு என்று ஓர் இந்தியத் தோழன் இருக்கிறான், அவனுடைய பூனையின் பெயர் பாயசம்.

லாத்தா மகள் கமலாவை முடிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டாள், அடுத்து அமீனாவைத் தா என்று நச்சரிக்கிறாள். பதினாறு ஆகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாயசத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டேன்.