தன்பாலீர்ப்பு கைதிக்குச் சிறை விடுப்பும் மறுவாழ்வும்: தமிழ்நாட்டு நடைமுறை, கேள்வி பதில்

கடலோரன்: அக்கா, என் துணைவர் ஆயுள் கைதி. நாலு வருஷம் முடிஞ்சிருச்சு. அவர் வீட்டில் சேர்க்க மாட்டேங்கிறாங்க. பரோலில் என் வீட்டுக்கு வர முடியுமா?

முடியும் தம்பி. நாம் பரோல் என்று சொல்வது 1982-ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கிடைக்கும் விடுப்பு. அதில் அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என இரண்டு வகை. சாதாரண விடுப்புக்கு மூன்று ஆண்டு சிறைவாசம் முடிந்திருக்க வேண்டும். அதற்கான காரணங்களை விதி 20 அடுக்குகிறது. அவற்றில் 'விடுதலைக்குப் பின் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தல்' என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்க மனைவியோ ரத்த உறவோ தேவையில்லை.

மனு சிறைக் கண்காணிப்பாளருக்குப் போகும். பிறகு நன்னடத்தை அலுவலரும் காவல் நிலையமும் விசாரிப்பார்கள். பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான். வழக்கு ஆவணத்தில் இருப்பது பழைய முகவரி. அலுவலர் அங்கே போவார், அண்ணன் 'எங்களுக்கு அவன் வேண்டாம்' என்பார், 'ஆதரிக்க ஆளில்லை' என்று அறிக்கை வந்துவிடும். அதனால் குடும்பம் ஏற்கவில்லை, தங்கப்போகும் முகவரி இது, பொறுப்பேற்பவர் இவர் என்று மனுவின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தம், உங்கள் ஆதார் நகல், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், நீங்கள் கையெழுத்திட்ட பொறுப்பேற்பு உறுதிமொழி, கிடைத்தால் வேலை தருவதாக ஒருவர் தரும் கடிதம் எல்லாவற்றையும் இணையுங்கள். விசாரணைக்கு வரும் நாளில் வீடு பூட்டியிருக்கக் கூடாது.

அவர் உள்ளே மனு கொடுத்தாலும், நீங்களும் ஒரு நகலை, கிடைத்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். தேதி கையில் இல்லாவிட்டால், மனு கிடப்பில் கிடந்ததை உயர் நீதிமன்றத்தில் காட்ட முடியாது.

முருங்கைமரம்: வெளியில் இருக்கும் துணைவருக்கு அறுவை சிகிச்சை. அவசர விடுப்பு கிடைக்குமா?

விதிப் பட்டியலில் இருப்பவர்கள் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர். ஒருபால் திருமணத்தை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்காததால் துணைவர் அதற்குள் வரமாட்டார். விதி 40-இன்படி விலக்கு கேட்டு அரசுக்கு எழுதுங்கள். நாள் குறைவாக இருந்தால் கூடவே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசுக்கு உத்தரவிடக் கோரும் மனு) போடுங்கள். அறுவை சிகிச்சைத் தேதியும் மருத்துவரின் முத்திரையும் உள்ள சான்று வேண்டும். முழு விடுப்பு கேட்கும்போதே, மாற்றாக வழிக்காவலுடன் (போலீஸ் துணையுடன்) ஒரு நாள் போதும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். தபால் ஒப்புகையை மறக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை: மனு பார்க்க, அதாவது சிறையில் அவரை நேரில் சந்திக்கப் போனால் 'ரத்த சொந்தமா?' என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

கைதியைச் சந்திக்கலாம் என்று 2016 மாதிரிச் சிறைக் கையேடு சொல்பவர்களில் குடும்பத்தினர், உறவினரோடு நண்பர்களும் இருக்கிறார்கள். இது பால்புதுமையினருக்கும் சமமாகப் பொருந்தும் என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2024 ஜூலையில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அச்செடுத்துக் கொண்டுபோங்கள். உறவு என்ற இடத்தில் 'நண்பர்' போதும். 'சகோதரர்' என்று பொய் எழுதாதீர்கள். பிடிபட்டால் விடுப்பு மனுவையும் கெடுக்கும்.

தீப்பொறி: ஏன் 'நண்பர்'? 'துணைவர்' என்றே எழுதணும். 'தேர்ந்தெடுத்த குடும்பம்' என்பதை 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமே ஏத்துக்கிச்சே.

அருமையான தீர்ப்பு. ஆனால் அது பெற்றோர் அடைத்துவைத்த பெண்ணை மீட்க அவர் தோழி போட்ட ஆட்கொணர்வு மனு. சிறை விடுப்பு பற்றியதல்ல.

தீப்பொறி: பயந்து பயந்து எழுதினா எப்போ மாறும்?

எழுதுவது நீங்கள், இரவு அந்தச் சிறைத் தொகுதியில் படுப்பது உள்ளே இருக்கும் அவர். மனு பார்க்கும் சீட்டில் உள்ளது சாயங்காலத்துக்குள் உள்ளே பரவும். தன்னைப் பற்றி யாருக்கு, எப்போது சொல்வது என்பது அவர் உரிமை. வெளியில் இருக்கும் நாம் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அரசமரத்தடி: அப்போ கோர்ட்டிலும் மறைக்கணுமா? தீப்பொறி சொல்வதிலும் நியாயம் இருக்கே.

இருக்கிறது. அவர் சம்மதித்தால், ரிட் மனுவில் உறவை முழுமையாக எழுதி அந்தத் தீர்ப்பையும் காட்டலாம். ஆனால் கோரிக்கையைச் 'சேர்ந்து வாழ' என்று வைக்காதீர்கள். தாம்பத்திய உறவை உரிமையாகக் கோரி விடுப்பு கேட்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022-இல் சொன்னது. தில்லி உயர் நீதிமன்றம் 2024-இல் திருமணமின்றிச் சேர்ந்து வாழும் துணைக்காகப் பரோல் மறுத்தது. குடும்பப் பிணைப்பையும் சீர்திருத்தத்தையும் பரோலின் நோக்கமாக உச்ச நீதிமன்றம் 2017-இல் அஷ்ஃபாக் வழக்கில் சொன்னது. உங்கள் வாதத்தை அதன்மேல் கட்டுங்கள்.

புதியவன்: நண்பருக்கு இரண்டு வருஷம் ஆச்சு. சாதாரண விடுப்பு?

மூன்று ஆண்டு. மேலே இருக்கிறது.

நிலா: தம்பி விசாரணைக் கைதி. பரோல் எப்படி?

அவருக்குப் பரோல் இல்லை, பிணை (ஜாமீன்). சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் கூப்பிடுங்கள். காவலில் இருப்பவருக்கு வழக்கறிஞர் இலவசம். 'பரோல் வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

ஈரநிலம்: சீர்திருத்தம் என்ற பெயரில் 'மாத்துறோம்' என்று கவுன்சலிங்குக்கு அனுப்புகிறார்கள். எச்ஐவி பரிசோதனையும் கட்டாயமாம்.

இரண்டையும் மறுக்கலாம். பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை முயற்சிகளுக்கு சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை விதித்தது. 2017 எச்ஐவி சட்டப்படி பரிசோதனைக்கு அவரது சம்மதம் வேண்டும், முடிவையும் அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது. கண்காணிப்பாளருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். ஏற்கெனவே மருந்து எடுப்பவரென்றால், விடுப்பு நாட்களுக்கான ஏஆர்டி (எச்ஐவி மருந்து) மாத்திரையைக் கையில் வாங்காமல் வெளியே வரக் கூடாது. திரும்பும் நாள் தள்ளினால் எத்தனை மாத்திரை கூடுதலாக வேண்டும் என்று சிறை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளட்டும்.

கடலோரன்: நன்றி அக்கா. நாளைக்கே மனு அனுப்புறேன்.

முதலில் வீட்டு உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள் தம்பி. அப்புறம் அனுப்புங்கள், ஒப்புகையோடு.