மாடு வந்துருச்சுங்க

கேள்வி: என்ற மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ‘என்ற ஊரு கோபி’ என்று அவள் சொன்னதும், ‘இது என்ன இலக்கணம்?’ என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்களாம். புரிந்தால் போதாதா? பேசுவதற்கும் வாட்ஸ்அப்பில் எழுதுவதற்கும் இலக்கணம் எதற்குங்க?
வாசகர் ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் மகள் பேசியதில் பிழை இல்லை. சிரித்தவர்கள்தான் இலக்கணம் அறியாமல் சிரித்திருக்கிறார்கள்.

‘என்னுடைய’, ‘உன்னுடைய’ என்பதைக் கொங்குப் பக்கத்தில் ‘என்ற’, ‘உன்ற’ என்கிறோம். ‘நான்ற’, ‘நீற’ என்று நம் பக்கத்தில் எந்தக் குழந்தையாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வேற்றுமை வரும்போது யான் என்பது ‘என்’ ஆகும் என்று இலக்கண நூலான நன்னூல் சொல்கிறதே, அந்த விதியைப் பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் பிசகாமல் கடைப்பிடிக்கிறார். ‘மாடு வந்துருச்சுங்க’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ‘ங்க’ மாட்டுக்குத் தரும் மரியாதை இல்லை, கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தருவது. யாரைப் பற்றிப் பேசினாலும், எதைப் பற்றிப் பேசினாலும், எதிரில் நிற்பவரை மதித்து முடிக்க ஓர் விகுதியை வைத்திருக்கிறது கொங்குப் பேச்சு. எழுத்துத் தமிழில் இதற்கு நேரான விகுதி கிடையாது. இதை வழு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நன்னூலை எழுதிய பவணந்தி முனிவருக்குப் பெருந்துறை அருகே இருக்கும் சீனாபுரத்தைச் சொந்த ஊராகச் சொல்லும் வழக்கமும் உண்டு. பழையன கழிவதும் புதியன புகுவதும் வழுவல்ல என்றவர் அவர். மரூஉவை, அதாவது பேச்சில் மருவி வடிவம் மாறிய சொல்லை, இயல்பு வழக்கில் சேர்த்தவரும் அவரே. கோயம்புத்தூரைக் கோவை என்று சுருக்கிச் சொல்கிறோமே, அதுவும் மரூஉதான்.

சரி, எழுத்துக்கு வருவோம். இங்கே உங்களோடு நான் உடன்படவில்லை. ‘புரிந்தால் போதாதா’ என்கிறீர்கள். யாருக்குப் புரிந்தால்? பேசும்போது முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, தவறாகப் புரிந்துகொண்டால் அங்கேயே திருப்பிக் கேட்கலாம். எழுதி அனுப்பிய பிறகு அந்த எழுத்து மட்டும்தான் துணை. ‘தென்னை நட்ட கணக்கு’ என்றால் எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு. ‘தென்னை நட்டக் கணக்கு’ என்றால் தென்னையில் எவ்வளவு கைவிட்டுப் போனது என்ற கணக்கு. நடுவில் இருப்பது ஒரே ஒரு ‘க்’. பொள்ளாச்சித் தோப்புக்காரர் ஒருவர் இதைப் பங்காளிக்கு மாற்றி அனுப்பினால் என்ன ஆகும்? ‘தறி’க்குப் பதில் ‘தரி’, ‘விலை’க்குப் பதில் ‘விளை’ என்று எழுதுவதும் அப்படித்தான். படிப்பவர் இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கிறது. நாம் அரை நிமிடம் மிச்சம் பிடிக்க, குழுவில் இருக்கும் அத்தனை பேருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்கிறோம். பொது அறிவிப்பு, பணம், மருந்து, தேதி என்றால் அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அதற்காக, துக்கம் சொல்லி ஒருவர் எழுதிய இரண்டு வரியில் ஒற்றுப்பிழை தேடுகிறவர்களை என்னால் ஏற்க முடியாது. அந்த வரிக்கு ஆறுதல்தான் பதில்.

உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் ளகரம் லகரமாகியிருந்தது. திருத்தித்தான் அச்சிட்டிருக்கிறேன். ‘என்ற’ என்பதைத் தொடவில்லை.