முந்தானை பருத்தியா, பாலியெஸ்டரா?

கேள்வி: ரேஷன் கடையில் என் மாமியாருக்கு (வயது 68, பீடி சுற்றுகிறவர்) ரேகை விழவே இல்லை. கடைக்காரர் "அழுத்து, அழுத்து" என்று சலித்துக்கொண்டார். பின்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண் தன் முந்தானையை நனைத்து மாமியாரின் விரலைத் துடைத்து, "ஆயா, நுனியை வைக்காதே, விரலைப் படுக்க வை" என்றார். உடனே விழுந்தது. மனிதநேயம் சாகவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சான்று வேண்டுமென்றால் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். எனக்குத் தெரிய வேண்டியது வேறு: அந்த முந்தானை பருத்தியா, பாலியெஸ்டரா?

கேலி இல்லை அம்மா. பாலியெஸ்டராக இருந்திருந்தால் தண்ணீரை உறிஞ்சாமல் விரலில் பூசிவிட்டுப் போயிருக்கும், ரேகை விழுந்திருக்காது. அந்த மிஷினின் கண்ணாடிக்கு அடியிலிருந்து வெளிச்சம் அடிக்கிறது. தோலின் மேடு ஒட்டுகிற இடம் கறுப்பாகவும், பள்ளம் வெளுப்பாகவும் பதிகிறது. விரல் காய்ந்திருந்தால் மேடு பொட்டுப் பொட்டாகத்தான் ஒட்டும், கோடு அறுந்து அறுந்து வரும். சொட்டச் சொட்ட வைத்தால் பள்ளத்திலும் தண்ணீர் நின்று மொத்தமும் கறுப்பு அப்பலாகிவிடும். நனைக்க வேண்டும், உடனே ஒற்றியும் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே துணியில் முடித்தவர் அந்தப் பெண். "படுக்க வை" என்றதும் சரி. ரேகையின் சுழி இருப்பது நுனிக்கும் முதல் கணுவுக்கும் நடுவில். நுனியில் மிஷினுக்கு அடையாளம் காண அதிகம் கிடைக்காது. "அழுத்து" என்று கத்தியவர்தான் தப்பு. அழுத்தினால் மேடு நசுங்கி அடுத்த மேட்டோடு சேர்ந்துகொள்ளும்.

பீடி சுற்றுகிற விரலுக்கு இன்னொரு சங்கடம். புகையிலைத் தூள் ரேகைப் பள்ளத்தில் போய் அடைந்துகொள்ளும். வெறும் தண்ணீருக்குப் போகாது, கிளம்பும் முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிறவர்களுக்கு மேல்தோலே கரைந்துபோகும். வேலையை விட்டுச் சில வாரம் இருந்தால் ரேகை திரும்ப முளைக்கும், அதன் அச்சு அடித்தோலில் இருப்பதால். ஆனால் அரிசி வாங்க யார் சில வாரம் லீவு போடுவார்கள்?

வங்கியில் காசாளர் மேசையைப் பாருங்கள். ரூபாய் எண்ணுவதற்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் நனைத்த ஸ்பாஞ்ச் வைத்திருப்பார். பணத்தைத் தொடும் விரலுக்கு ஸ்பாஞ்ச் உண்டு, அரிசிக்கு நிற்கும் விரலுக்குக் கிடையாது. நூலில் கட்டிய வங்கிப் பேனாவைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி எனக்கும் அலுத்துவிட்டது, உங்களுக்கும் அலுத்திருக்கும். இனி ஸ்பாஞ்சைப் பற்றி எழுதப்போகிறேன், தயாராக இருங்கள்.

ரேகை என்றதும் நம் ராசிபலன்காரர் ஞாபகத்துக்கு வருகிறார். (மூன்றாம் பக்கத்தில் இருக்கிறாரே, அவர்தான். எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு ஊரறிந்தது.) வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோதிடத்தில் ஆணுக்கு வலது பெருவிரல், பெண்ணுக்கு இடது பெருவிரல். பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருவருக்குமே இடது பெருவிரல். ஆக, ஆண்களுக்கு விதி வலது கையிலும் நிலம் இடது கையிலும் இருக்கிறது. பெண்களுக்கு விதியும் நிலமும் ஒரே விரலில். பெண் பெயரில் வீட்டுமனை வாங்குவது ஏன் யோகம் என்று இப்போது புரிகிறதா? இதை அவரிடம் சொன்னால் அடுத்த இதழில் சாஸ்திரமாகவே எழுதிவிடுவார், ஆகவே சொல்லாதீர்கள். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: நாடி ஜோதிடர் மை தடவி எடுக்கிறார், ஒரே தடவையில் விழுகிறது. 1858இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி வங்காளத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கை, விரல் எல்லாவற்றிலும் மை தடவி, முழுக் கையையே பத்திரத்தில் பதித்தார். அங்கேயும் சர்வர் பிரச்சினை இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு என்பது சரி. வரிசையில் நின்ற மற்றவர்களும் கல்நெஞ்சர்கள் இல்லை. "பாவம் ஆயா" என்று சொல்லியிருப்பார்கள். இவருக்கு மட்டும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதை எங்கேயோ தானும் பட்டுத்தான் கற்றிருப்பார்.

அடுத்த மாதத்துக்கு: பெருவிரலையே பிடித்துத் தொங்க வேண்டாம். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கும். வேலையில் அதிகம் தேயாத இடது மோதிர விரலை வைத்துப் பாருங்கள். மருதாணி போட்ட வாரம் போகாதீர்கள். திரையில் 300 என்று வந்தால் ரேகை பொருந்தவில்லை, வேறு விரல் வைக்கலாம். 330 என்றால் ஆதாரில் பயோமெட்ரிக் (ரேகை, கருவிழிப் பதிவு) பூட்டப்பட்டிருக்கிறது, எந்த முந்தானையாலும் திறக்காது, ஆதார் செயலியில் போய்த் திறக்க வேண்டும். கருவிழி பார்க்கும் கருவி கடையில் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். பத்து விரலும் கைவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும். கார்டில் பெயருள்ள வேறு யாரும் போய் விரல் வைக்கலாம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் பெயரும் அதில் இருக்குமே அம்மா, மாமியாரை ஏன் நிற்க வைத்தீர்கள்?