உள்தாழ்ப்பாள்

அன்புள்ள அக்கா,

எனக்கு 57 வயது. பர்கூர் பக்கம் கிராமம். அவருக்கு 63. தீட்டு நின்ற புதிதில் எனக்கு ஒரே எரிச்சல், வலி. அவர் பக்கத்தில் வந்தாலே தள்ளிப் படுப்பேன். கொஞ்ச நாளில் அவரும் கேட்பதை விட்டுவிட்டார். இப்போது எனக்கு ஆசை இருக்கிறது, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. போன வருடம் இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தோம். வேறு யாராவது இருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். ஜோசியர் அஷ்டமச் சனி என்கிறார். அவருக்குத் தெரியாமல் ஒரு லேகியத்தைப் பாலில் கலந்து நான்கு நாள் கொடுத்துப் பார்த்தேன், பலன் இல்லை. மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்வருகிறான். புது வீட்டில் ஓர் அறை அவனுக்கும் மருமகளுக்கும், இன்னொன்று பேத்தி படிக்க. நாங்கள் ஹாலில். பேத்தி எடுத்தவளுக்கு இந்த ஆசை தப்பா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

தப்பில்லை. அந்தக் கேள்விக்கு இதற்கு மேல் ஒரு வரி எழுத மாட்டேன். சனியைப் பற்றியும் சந்தேகத்தைப் பற்றியும் பேச ஒன்றுமில்லை, விடுங்கள்.

லேகியத்துக்கு மட்டும் நன்றாகத் திட்ட வேண்டும். ஸ்டென்ட் வைத்த மனிதருக்கு, அவருக்கே தெரியாமல், என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாத ஒன்றைக் கலந்து கொடுத்திருக்கிறீர்கள். இப்படி விற்கிற லேகியம், பொடிகளில் சிலவற்றில் சில்டெனாஃபில் என்ற ஆண்மைக்குறைவு மருந்தைச் சொல்லாமல் சேர்ப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கி உயிரே போகலாம். மிச்சத்தை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். அவரிடமும் சொல்லிவிடுங்கள். கோபப்படட்டும், படவேண்டியதுதான்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்புவது உங்களைப் பிடிக்காமல் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பதினைந்து வருடச் சர்க்கரை நரம்பையும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் கெடுக்கும். மனம் இருந்தாலும் உடம்பு எழாது. சில பிரஷர் மாத்திரைகளும் அதைச் செய்யும். முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் தொடுவதையே நிறுத்திவிடுகிற ஆண்கள் ஏராளம். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் பார்க்கிற டாக்டரிடமே இதையும் கேட்கலாம். இரண்டு மாடி மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் ஏறினால் பெரும்பாலும் பயமில்லை என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். உங்கள் எரிச்சலுக்கும் அன்றைக்கே வழி இருந்தது. தீட்டு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து, உள்தோல் மெலிந்து வறண்டுபோகிறது. அதற்கு வழுவழுப்பான ஜெல் இருக்கிறது, டாக்டர் எழுதித் தருகிற களிம்பும் இருக்கிறது. "வலிக்கிறது" என்ற ஒரு சொல்லை நீங்கள் சொல்லவில்லை. "ஏன் தள்ளிப் படுக்கிறாய்" என்று அவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ரோஷக்காரர்கள்.

சரி, என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதெல்லாம் இல்லை. போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, "நாங்கள் ஹாலில்" என்று. அந்த இரண்டு சொல்தான்.

நம் ஊரில் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் கதவுள்ள அறை அவனுக்கு. அப்பன் கட்டில் திண்ணைக்குப் போகும், அம்மா பாய் அடுப்படிக்குப் போகும். யாரும் போகச் சொல்வதில்லை, தானாகவே நடக்கும். இருபத்தைந்து, முப்பது வருடம் ஒன்றாகப் படுத்தவர்களை ஒரே வாரத்தில் பிரித்துவிட்டு, "பெரியவங்களுக்கு என்ன, எங்கேயாவது படுத்துக்குவாங்க" என்போம்.

என் வீட்டிலும் அதுதான். காவேரிப்பட்டணம் பக்கம், அப்போது எல்லாம் ஒரே தருமபுரி மாவட்டம். 1987-ல் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் இருந்த ஒரே அறை அவனுக்குப் போனது. அப்பா மாங்காய்க் காலத்தில் தோப்புக் காவலுக்குப் போய்விடுவார், அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை. பெங்களூரா காய் முற்றுகிற மாதங்களில் அம்மா பொழுது சாயக் களி உருண்டையும் கொள்ளுக் குழம்பும் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போவாள். புறப்படும் முன் முகம் கழுவி, தலையைப் படிய வாரி, முற்றத்துக் கனகாம்பரத்தில் நான்கு பூ கிள்ளி வைத்துக்கொள்வாள். சில நாள் விடிந்துதான் திரும்புவாள். கேட்டால், "இருட்டிப்போச்சு, வழியில பாம்பு" என்பாள்.

அவளுக்கு அப்போது 48. எனக்கு 24, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தேன். ஒரு காலையில் அண்ணி காது கேட்கவே கேட்டேன்: "இந்த வயசுல ராத்திரியில உனக்கு அங்க என்ன வேலை?"

அம்மா பதில் பேசவில்லை. தூக்குப்போசியைச் சாம்பல் போட்டு வெகுநேரம் தேய்த்தாள். அன்று சாயங்காலம் சோறு எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையன் போனான். மறுநாளும் அவன்தான். அவள் அப்புறம் அந்தத் தோப்பில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. அப்பா இருந்தது இன்னும் பதினொரு வருடம். அந்தப் பதினொரு வருடத்தை நான் ஒரு வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டேன் என்பது எனக்கே ஐம்பது வயது தாண்டியபின்தான் உறைத்தது. கேட்க அம்மா இல்லை.

அதனால் உங்கள் மகன்மேல் எனக்குக் கோபம் வருகிறது, மருமகள்மேலும். லட்சக்கணக்கில் செலவு செய்து கட்டிய வீட்டில் அப்பா அம்மாவுக்கு ஒரு கதவு வைக்கத் தோன்றவில்லையே! முடியுமோ முடியாதோ, அது வேறு. கையைப் பிடித்துக்கொண்டு பேசவாவது டிவி சத்தம் இல்லாத ஓர் இடம் வேண்டாமா? எதிரில் பேத்தி நடமாடுகிற ஹாலில் எந்த மனிதர் மனைவி பக்கம் திரும்பிப் படுப்பார்?

மகனிடம் காரணம் சொல்ல வேண்டாம். "அப்பாவுக்கு ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கு, எங்களுக்கு ஒரு ரூம் வேணும்" என்றால் போதும், சர்க்கரைக்காரர் வீட்டில் அது பொய்யும் இல்லை. பேத்திக்கு ஹாலில் ஜன்னலோரம் மேசை போட்டுக் கொடுங்கள். அப்புறம், அந்த அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பிள்ளை உள்ளே பூட்டிக்கொள்ளும் என்று கழற்றி வைத்திருப்பார்கள்.