நுரை வந்த வாரத்தில் குட்டைக்குத் தண்ணீர் விட்டேன், மீன்கள் செத்தன

கேள்வி: கிருஷ்ணகிரி அணைக் கால்வாய்த் தண்ணீரில் பண்ணைக்குட்டை அமைத்துக் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறேன். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கிய வாரத்தில் தண்ணீர் பாய்ச்சினேன். மூன்றாம் நாள் விடியலில் சில மீன்கள் செத்து மிதந்தன. நுரைதான் காரணமா? மீதமுள்ளவற்றை விற்கலாமா?

பதில்: நுரையைவிட, அதனுடன் கரைந்து வருபவையே மீனுக்குப் பெரிய ஆபத்து. பெங்களூருப் பகுதியின் வீட்டுக்கழிவும் ஆலைக்கழிவும் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளியைக் கடந்துதான் உங்கள் அணைக்கு வருகின்றன. நுரையை உண்டாக்கும் சோப்பு வகை இரசாயனங்கள் செவுள்களைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான படலத்தைச் சிதைக்கின்றன. அதே நேரத்தில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் தண்ணீரின் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், மூச்சுவிடும் உறுப்பு பழுதுபட்ட வேளையிலேயே மூச்சுக்கான காற்றும் குறைகிறது.

மீன்கள் இறந்த நேரத்தை முதலில் பாருங்கள். இரவு முழுவதும் பாசியும் ஆக்சிஜனைச் செலவிடுவதால், விடியலில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். மேற்பரப்பில் வாயைப் பிளந்து, பெரிய மீன்கள் முதலில் சாவது இதன் அடையாளம். கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களுக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருப்பது நல்லது. உங்கள் குட்டையில் நடந்ததும் இதுவாகவே தோன்றுகிறது. மாறாக, பிற்பகலில் செத்தால் அமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும்: தண்ணீரின் கார அமிலத்தன்மை (pH) 7 ஆக இருக்கும்போது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் அதன் நச்சு வடிவம், பச்சை பிடித்த குட்டையில் வெயில் ஏறி 9 ஆகும்போது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பு மாறிப் பழுப்பாக இருந்தால் அது நைட்ரைட் என்ற நச்சுப்பொருளின் வேலை. ஜிலேபி கெண்டை துள்ளுகிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம், அது எதையும் தாங்கும் மீன்.

செத்த மீனை விற்கக் கூடாது, கோழிக்கும் போடக் கூடாது. உயிருள்ளவற்றில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் சதையைவிடச் செவுள், கல்லீரல், சிறுநீரகத்தில்தான் அதிகம் சேரும். ஆனால் கண்ணால் பார்த்து அளவைச் சொல்ல முடியாது என்பதால், பரிசோதனை முடிவு வரும்வரை அறுவடையை நிறுத்துங்கள்.

சாகும் தறுவாயில் உள்ள இரண்டு மீன்களை ஐஸில் வைத்து, சுத்தமான பாட்டிலில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே மீன்வளத்துறை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அழுகிய மீனைக் கொண்டுபோனால் எந்த ஆய்வகமும் உதவ முடியாது. ஆக்சிஜனை மட்டும் குட்டைக்கரையிலேயே அளக்க வேண்டும். பாட்டிலில் எடுத்துச் சென்றால் வழியிலேயே மாறிவிடும். அதுவரை கால்வாய் மடையை அடைத்து, இரவில் காற்றூட்டியை ஓடவிட்டு, தீவனத்தை நிறுத்திவையுங்கள்.